வலி பேட்ச் ரீகால் ஆகிவிட்டதா? பிய்ப்பதற்கு முன் உறையைப் படியுங்கள்

"செய்தியில பார்த்தேங்க, உடனே பிச்சு குப்பையில போட்டுட்டேன். இப்போ என்ன பண்ணட்டும்?" ரீகால், அதாவது கோளாறு கண்ட மருந்தைத் திரும்பப் பெறும் அறிவிப்பு, வரும் நாட்களில் நான் எடுக்கும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். மீதிப் பாதி நேர் எதிர். "ஒட்டி ரெண்டு நாளாச்சு, ஒண்ணும் ஆகலையே. அப்படியே விட்டுடலாமா?"

நான் மருத்துவமனை மருந்தாளுநர். புற்றுநோய் வலிக்கும் நாள்பட்ட வலிக்கும் பேட்ச் வாங்குகிறவர்களோடும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரோடும் பேசுவதுதான் என் வேலையின் பெரும்பகுதி. தொலைபேசியில் அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

இதில் சொல்வது பெரும்பாலும் ஃபென்டனில், புப்ரினார்பின் ஆகிய ஓபியாய்டு (மார்பின் வகை வலி மருந்து) பேட்சுகளைப் பற்றி. ஒட்டிய இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் பேட்ச் ரீகால் ஆனால் பொதுவாகத் தலைபோகிற அவசரம் இல்லை. கழற்றி வைத்துவிட்டு மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளலாம். நிறுத்துவதால் உடம்பு தடுமாறாது. ஓபியாய்டு பேட்ச் அப்படியல்ல. கூடினாலும் ஆபத்து, திடீரென்று நின்றாலும் அவதி.

முதலில் ஆளைப் பாருங்கள்

பேட்சின் தயாரிப்பு எண்ணையும் உறையையும் தேடுவதற்கு முன்னால் பேட்ச் ஒட்டியிருப்பவரைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? பேச்சு குழறுகிறதா? மூச்சு வழக்கத்தைவிட மெதுவாக, ஆழமில்லாமல், இடைவெளி விட்டு வருகிறதா? கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறதா? உதடோ நகமோ நீலம் பாரிக்கிறதா? வீட்டார் அடிக்கடி ஏமாறுவது குறட்டையில். "நல்லா குறட்டை விட்டுத் தூங்குறார், எழுப்ப வேண்டாம்னு விட்டுட்டோம்" என்பார்கள். இதுவரை குறட்டை விடாதவர் புதிதாகக் களகளவென்று குறட்டை விட்டு, தட்டினாலும் எழவில்லை என்றால் அது தூக்கம் இல்லை.

அப்படி இருந்தால் எந்த நிறுவனம், எந்த எண் என்ற ஆராய்ச்சியே வேண்டாம். உடம்பில் இருக்கும் பேட்சைக் கழற்றுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால் அழைப்பை எடுத்தவர் சொல்கிறபடி முதலுதவி செய்யுங்கள். கையில் நலாக்சோன் (ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்து) இருந்தால் கொடுங்கள். ஆனால் அது கொடுத்ததும் கண்விழித்துவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நலாக்சோனின் வேலை பெரும்பாலும் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பேட்ச் விட்டுச்சென்ற மருந்தின் வேலை முடியாது. வருகிறவர்களிடம் "ஃபென்டனில் பேட்ச், இத்தனை மைக்ரோகிராம், இத்தனை மணிக்குக் கழற்றினோம்" என்று சொல்லுங்கள்.

பேட்சைக் கழற்றினால் மருந்து நிற்காது

மேலே சொன்னதற்கும் இனிச் சொல்லப்போவதற்கும் காரணம் ஒன்றுதான். பேட்சிலிருந்து இறங்கும் மருந்து நேரே இரத்தத்துக்குப் போவதில்லை. தோலில் தேங்கி, அங்கிருந்துதான் மெல்லக் கசிகிறது. அதனால்தான் முதல்முறை ஒட்டியவருக்கு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பெரிதாக வலி குறைவதில்லை. கழற்றும்போதும் இதே கதைதான்: அடுப்பை அணைத்த பிறகும் கல் சுடும். ஃபென்டனில் பேட்சைக் கழற்றியபின் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம்.

ரீகால் நேரத்தில் இதற்கு இரண்டு பக்கம் உண்டு. கழற்றச் சொல்லி அறிவிப்பு வந்து கழற்றிவிட்டால், அடுத்த நிமிடமே வலியில் துடிக்கப்போவதில்லை. மாற்று ஏற்பாடு செய்ய உங்களுக்குச் சில மணி நேரம் இருக்கிறது. ஆனால் பேட்ச் அளவுக்கு மீறி மருந்தை இறக்கியிருந்தால், கழற்றியதோடு ஆபத்து தீர்ந்தது என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. குறைந்தது ஒரு நாளாவது பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து.

என்ன கோளாறு என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்

ரீகால் என்றால் அந்த மருந்தே கெட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின், ஒரு குறிப்பிட்ட வலிமையின், சில லாட்டுகள் (ஒரே தடவையில் தயாரான தொகுதிகள்) மட்டும்தான் திரும்பப் பெறப்படும். கோளாறும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று.

2008 பிப்ரவரியில் அமெரிக்காவில் மணிக்கு 25 மைக்ரோகிராம் வலிமையுள்ள ட்யூராஜெசிக் என்ற ஃபென்டனில் பேட்சுகளும் அதே வகை சாண்டோஸ் பேட்சுகளும் திரும்பப் பெறப்பட்டன. உள்ளே ஜெல்லாக மருந்து நிரப்பிய சிறு பையின் ஓரத்தில் வெட்டு விழுந்து ஜெல் கசியக்கூடும் என்பது காரணம். கசிந்த ஜெல் தோலில் பட்டால் மருந்து ஒரேயடியாக உள்ளே போகும். உறைக்குள்ளேயே கசிந்து வீணாகியிருந்தால் மருந்து போதாமல் வலி கூடும். ஒரே கோளாறு, இரண்டு எதிரெதிர் ஆபத்து.

2019 ஏப்ரலில் நடந்தது வேறு. ஆல்வோஜென் நிறுவனம் இரண்டு லாட்டுகளைத் திரும்பப் பெற்றது. 12 மைக்ரோகிராம் என்று அச்சிட்ட சில பெட்டிகளுக்குள் 50 மைக்ரோகிராம் பேட்சுகள் இருந்தன. அந்தப் பேட்சுகளில் ஒவ்வொன்றின் மேலும் 50 என்று சரியாகவே போட்டிருந்தது. பொய் சொன்னது பெட்டி மட்டும்தான்.

இந்தச் சம்பவத்தை நான் எல்லோரிடமும் சொல்வேன். ஏனென்றால் எண்ணைப் படிக்கச் சொன்னால் எல்லோரும் பெட்டியைத்தான் எடுக்கிறார்கள். ஒரு பெரியவரோடு நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படி:

"பொட்டியில 25ன்னுதான்மா போட்டிருக்கு."

"பெட்டியை விடுங்க ஐயா. உள்ளே பேட்ச் வர்ற உறை இருக்கில்ல, அதைப் படிங்க."

"அதுல ஏகப்பட்ட நம்பர் இருக்கே."

"கோடு கோடா இருக்கறதுக்குக் கீழே உள்ள நீளமான நம்பர் வேண்டாம். காலாவதித் தேதி பக்கத்துல சின்னதா அச்சடிச்சிருக்கும் பாருங்க, அதுதான்."

அதுதான் லாட் எண். எழுத்தும் எண்ணும் கலந்திருக்கலாம், உறையின் ஓரத்தில் அழுத்தி அச்சடித்து மங்கலாகவும் இருக்கலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 0 என்ற எண்ணும் ஓ என்ற ஆங்கில எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நீங்களாக முடிவு செய்யாமல் படத்தையே மருந்தாளுநருக்கு அனுப்பிவிடுங்கள். அறிவிப்போடு ஒப்பிடும்போது நிறுவனம், வலிமை, லாட் எண், காலாவதித் தேதி நான்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது.

உடம்பில் ஒட்டியிருக்கும் பேட்சின் உறை அநேகமாகக் குப்பைக்குப் போயிருக்கும். குப்பைத் தொட்டியைக் கிளறிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிடைக்கவில்லை என்றால் அதே பெட்டியின் மற்ற உறைகளைப் பாருங்கள், மருந்து வாங்கிய இடத்திலும் கேளுங்கள். எந்த லாட் கொடுத்தோம் என்ற பதிவு பல இடங்களில் இருக்கும். எதுவும் தெரியவில்லை என்றால் பாதிக்கப்பட்டதாகவே வைத்துக்கொண்டு மருந்தாளுநரிடம் பேசுங்கள். இனிமேல் ஒட்டும் ஒவ்வொரு பேட்சின் காலி உறையையும் அடுத்தது மாற்றும்வரை ஒரு கவரில் போட்டு வையுங்கள். எளிய காரியம்தான், செய்கிறவர்கள் குறைவு.

அறிவிப்பின் தேதியையும் பார்த்துவிடுங்கள். பழைய ரீகால் செய்தி வாட்ஸ்அப்பில் புதிது போலச் சுற்றி வந்து ஊரையே கலவரப்படுத்துவதுண்டு. உங்கள் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பக்கத்திலோ தயாரிப்பு நிறுவனத்தின் பக்கத்திலோ இருந்தால்தான் கணக்கு. ரீகால் எந்த மட்டத்தில் என்பதும் அங்கேயே இருக்கும். மொத்த வியாபாரி வரை, கடை வரை, நோயாளி வரை என்று மூன்று மட்டம் உண்டு. கடை வரைக்கும் மட்டும் என்றால், பெரும்பாலும் உங்களிடம் உள்ளதைத் திருப்பித் தரச் சொல்லவில்லை என்று பொருள். வழக்கம்போலப் பயன்படுத்தலாமா என்று மட்டும் கேட்டு உறுதிசெய்யுங்கள். நோயாளி மட்டம் என்றால் அது உங்களுக்கான அறிவிப்பு. இது தவிர, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஆபத்தின் அளவை வைத்து மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. அதில் முதல் வகுப்புதான் ஆகக் கடுமையானது.

எப்போது கழற்றுவது

உங்கள் லாட் பொருந்தி, அறிவிப்பும் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். 2019 அறிவிப்பு அப்படித்தான் சொன்னது: ஒட்டியிருப்பதை உடனே எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள் என்று. பேட்சில் கசிவு, ஓரத்தில் வெட்டு, உறைக்குள் பிசுபிசுப்பு, உங்களுக்கு எழுதிக் கொடுத்ததைவிட அதிக எண் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், லாட் எண் பொருந்தாவிட்டாலும்கூட, அந்தப் பேட்ச் வேண்டாம். இவை எதுவும் இல்லை, லாட்டும் பொருந்தவில்லை என்றால் பேட்ச் இருக்கிறபடியே இருக்கட்டும். பயத்தில் பிய்ப்பது வலியைத்தான் வரவழைக்கும்.

கழற்றுவதும் தொலைபேசியை எடுப்பதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். கழற்றிவிட்டு நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டால், மறுநாள் வலியோடு, மருந்து திடீரென்று நிற்பதால் வரும் விலகல் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்: கொட்டாவி, வியர்வை, மூக்கில் நீர், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு, இருப்புக் கொள்ளாத தவிப்பு. சளிக்காய்ச்சல் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

ஜெல் கசிந்து தோலில் பட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தண்ணீர் மட்டும். சோப்பு, ஸ்பிரிட், கைச் சுத்திகரிப்பான் எதுவும் வேண்டாம்; இவை மருந்து தோலுக்குள் போவதை அதிகமாக்கலாம். சுத்தம் என்றாலே சோப்பு என்று பழகிய நமக்கு இதை ஏற்பது கஷ்டம், ஆனால் இதில் பிடிவாதமாக இருங்கள். உதவி செய்கிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அவர் இந்த மருந்துக்குப் பழகாதவர், கொஞ்சம் பட்டாலும் அவருக்கு அதிகம்.

யாரிடம், என்ன சொல்வது

முதலில் மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவர், அல்லது வலி நிவாரணப் பிரிவு. மருந்து வாங்கிய கடைக்காரரால் பழையதை வாங்கிக்கொள்ள முடியும். ஆனால் இது கட்டுப்பாட்டுக்குள் உள்ள மருந்து, புதிய சீட்டு இல்லாமல் வேறு நிறுவனத்தின் பேட்ச் தர அவருக்குப் பல இடங்களில் அனுமதி இல்லை. ரீகால் என்னவோ வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நம் கண்ணில் படும் என்பது எங்கள் தொழிலின் சாபம். வார இறுதி என்றால் மருத்துவமனையின் இரவுப் பணி எண்ணை அழையுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் அவசரப் பிரிவுக்கே போகலாம். வலி மருந்து தடைப்படுவது அங்கே போவதற்குப் போதுமான காரணம்தான்.

பேசும்போது இதைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்:

- பேட்சின் பெயர், நிறுவனம், வலிமை, லாட் எண்
- எப்போது ஒட்டியது, எப்போது கழற்றியது
- இப்போது தூக்கக் கலக்கம் கூடியிருக்கிறதா, வலி கூடியிருக்கிறதா
- இன்னும் பிரிக்காமல் எத்தனை இருக்கிறது
- கூடவே எடுக்கும் மற்ற மருந்துகள்

கடைசி வரியைத் தட்டிக்கழிக்காதீர்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளும் சில பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளும் ஃபென்டனிலின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை மேலும் மந்தமாக்கும். காய்ச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். உடம்பு சூடானால் பேட்சிலிருந்து மருந்து வேகமாக இறங்கும்.

மாற்று வரும்வரை

இந்த இடைவெளியில் வீட்டில் கைமருந்து ஆரம்பித்துவிடுகிறது. 25 என்ற எண் சிறிதாகத் தெரிவதும் அதற்கு ஒரு காரணம். மணிக்கு 25 மைக்ரோகிராம் என்பது தோராயமாக ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் மார்பினை வாய்வழி எடுப்பதற்குச் சமம், சில கணக்குப்படி அதற்கும் மேல். அதனால் அலமாரியில் கிடக்கும் பழைய மார்பின், டிரமடால் மாத்திரைகளை உங்கள் கணக்கில் எடுக்காதீர்கள். பேட்ச் இருக்கும்போதே இடையில் திடீரென்று கிளம்பும் வலிக்கு என்று மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மருந்து இருந்தால்கூட, கழற்றிய நிலையில் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

அதிக வலிமையுள்ள பேட்சைக் கத்தரிக்கோலால் பாதியாக்கி ஒட்டக் கூடாது. ஜெல் பை உள்ள வகையை வெட்டினால் மொத்த மருந்தும் ஒரேயடியாக வெளியேறும். தெரிந்தவரிடம் மீந்த பேட்சையும் வாங்கி ஒட்டாதீர்கள். வலிக்கிறதே என்று பேட்ச் இருக்கும் இடத்தில், அல்லது கழற்றிய இடத்தில், வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது. மருத்துவர் 50-க்குப் பதிலாக இரண்டு 25 எழுதிக் கொடுத்தால் அது சரி. அதை நீங்களாகச் செய்வதுதான் தவறு.

கழற்றி சில நாட்கள் ஆகிவிட்டதென்றால் இன்னொரு எச்சரிக்கை. உடம்பின் பழக்கம் குறைந்திருக்கும். நேற்றுவரை தாங்கிய அளவு இன்றைக்குத் தாங்காமல் போகலாம். பழைய எண்ணிலேயே மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்காமல் ஒட்டாதீர்கள்.

புது நிறுவனத்தின் பேட்ச் வரும்போது

இது நான் அதிகம் கவலைப்படும் கட்டம். பழைய பேட்ச் பழுப்பு நிறத்தில் பளிச்சென்று தெரிந்திருக்கும். புதியது கண்ணாடி போல ஒளி ஊடுருவும் மெல்லிய தாளாக இருக்கலாம். முதுகில் ஒட்டியிருந்தால் கூர்ந்து பார்த்தாலும் தெரியாது. மூன்று நாள் கழித்து வேறொருவர் மாற்ற வரும்போது, "பழசு விழுந்துடுச்சு போல" என்று மேலும் ஒன்றை ஒட்டிவிடுவார். அதனால் புதியதை ஒட்டுவதற்கு முன் உடம்பு முழுவதும், முதுகு, மேல்கை, மார்பு, தொடை என்று, பார்ப்பதோடு கையால் தடவியும் பாருங்கள். எல்லாப் பழையதும் கையில் வந்த பிறகே புதியது. இடத்தையும் மாற்றுங்கள். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணி என்று நோட்டில் எழுதுங்கள்.

மாற்றும் கால இடைவெளியும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஃபென்டனில் பேட்சுக்குப் பொதுவாக 72 மணி நேரம். புப்ரினார்பினில் ஏழு நாள் பேட்சும் உண்டு, மூன்று நான்கு நாளில் மாற்றுவதும் உண்டு. முதல் இரண்டு நாள் மருந்து மாறிய புதிதுபோலவே கவனித்துக்கொள்ளுங்கள்: தூக்கம், மூச்சு, வலி.

கழற்றியதையும் மிச்சத்தையும் என்ன செய்வது

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மூன்று நாள் பயன்படுத்திய பேட்சிலும் பாதிக்கு மேல் மருந்து மிஞ்சியிருக்கலாம். எஃப்.டி.ஏ. 2012-இல் விடுத்த எச்சரிக்கையில், பதினைந்து ஆண்டுகளில் குழந்தைகள் தவறுதலாக ஃபென்டனில் பேட்சுக்கு ஆளான 26 சம்பவங்களை எடுத்துக் காட்டியது. 10 குழந்தைகள் இறந்தார்கள். 12 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 16 சம்பவங்களில் குழந்தைக்கு வயது இரண்டோ அதற்குக் கீழோ. தவழ்கிற பிள்ளைக்குத் தரையில் கிடக்கும் பேட்ச் ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். வாயில் வைக்கும், இல்லை கையில் ஒட்டிக்கொள்ளும்.

கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து அழுத்துங்கள். அதன்பின் என்ன என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. ஃபென்டனில் பேட்சைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடலாம் என்று அனுமதித்திருக்கிறது. வேறு பல இடங்களில் மருந்துக்கடையில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரீகால் என்றால் அறிவிப்பில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுவே முதல் விதி. கோளாறை ஆராயப் பேட்சையே கேட்டாலும் கேட்கலாம். ஒப்படைக்கும்வரை பூட்டிய இடத்தில் வையுங்கள். பிரிக்காத பேட்சுகளைப் பெட்டியோடும் உறையோடும் தனிக் கவரில் போட்டு, "பயன்படுத்தக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் இந்த எழுத்து கட்டாயம் வேண்டும். கட்டுப்பாட்டு மருந்து என்பதால் சாதாரணத் தபாலில் அனுப்பக் கூடாது; நேரில் போங்கள், அல்லது நிறுவனம் சொல்லும் வழியில் அனுப்புங்கள்.

பேட்சால் கெடுதி ஏற்பட்டிருந்தால், அல்லது கசிவை நீங்களே கண்டிருந்தால், புகார் எழுதுங்கள். அமெரிக்காவில் மெட்வாட்ச், பிரிட்டனில் யெல்லோ கார்டு, இந்தியாவில் பார்மகோவிஜிலன்ஸ் திட்டம் என்று இதற்கு வழி இருக்கிறது. நோயாளியே நேரடியாக எழுதலாம். மருந்தாளுநரிடம் சொன்னால் நாங்களும் எழுதி அனுப்புவோம்.

ஒப்படைக்கும்போது எத்தனை பேட்ச், எந்த லாட், எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த சீட்டுக்கான நாள் வருவதற்கு முன்பே மருந்து கேட்டு நிற்கும்போது, "போன வாரம்தானே வாங்கினீங்க?" என்று கவுண்டரில் கேட்பார்கள். கையெழுத்து வாங்கிய அந்தத் தாளை நீட்டினால் போதும்.